வரிக்கு உரியவர் யார்?



வகுப்பறையில் ஒரு கண்ணாடி உடைந்து கிடக்கிறது. ஆசிரியர் உள்ளே வந்து, "உடைத்தது யார்?" என்று வினவுகிறார். முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது விரல்களும் பக்கத்திலிருப்பவனை நோக்கி நீள்வதைக் காணலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு இக்காட்சி புதிதன்று. வளர்ந்து ஆளான பின்னும் இக்குணம் நம்மை விட்டு எளிதில் அகல்வதில்லை. 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழி வழக்கில் நிலைத்திருப்பதே அதற்குச் சான்று. இக்குணத்தை அறிந்துதான் மனிதன் ஏடுகளிலே நாளும் பெயரும் கையொப்பமும் இடும் வழக்கத்தை ஏற்படுத்தினான் போலும்.

கணினிக்கு நிரல் எழுதுவோர் உலகிலும் இத்தகைய ஏடு ஒன்று உண்டு. எந்த வரியை யார் எழுதினார், எந்த நாளில் எழுதினார் என்பதை அது குறித்து வைக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்த அந்த ஏட்டை, 2016ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கைக் கட்டளை கேலி செய்தது. 'குறையை வேறொருவர்மேல் போடு' என்பதே அக்கட்டளையின் பெயர். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனினும் அச்சிரிப்புக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அந்த ஏட்டின் சரித்திரத்தையும், அந்த வேடிக்கை நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இன்று உங்களுடன் சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஏடு ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. சிறு நிரலை ஒருவரே எழுதி முடித்துவிடலாம். பெரிய நிரல்களோ பல ஆயிரம் பேரின் கைவேலை. லினக்ஸ் என்னும் இயக்க நிரலின் உட்கருவை எடுத்துக்கொண்டால், அதில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. உலகின் பல நாடுகளில் இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே அதில் திருத்தங்கள் செய்கிறார்கள். நேற்று சரியாக ஓடிய நிரல் இன்று ஓடவில்லையென்றால், இடையில் மாறியது என்ன, மாற்றியவர் யார் என்று அறியாமல் பழுது பார்க்க இயலாது. எழுதியவரைக் கண்டால்தான், "ஐயா, இவ்வரியை இவ்வாறு எழுதியதன் காரணம் யாது?" என்று கேட்க முடியும்.

இத்தேவையை உணர்ந்து முதன்முதலில் முறையான ஏடு ஒன்றை அமைத்தவர் மார்க் ராக்கைண்ட் என்பவர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972ஆம் ஆண்டு அவர் அதனை உருவாக்கினார். 1975இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றும் வெளியிட்டார். எஸ்.சி.சி.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் அது ஒரே இடத்தில் பின்னி வைத்தது. எந்த வரி எந்தத் திருத்தத்தில் நுழைந்தது, எந்தத் திருத்தத்தில் நீங்கியது என்பதை வரிதோறும் குறித்தது. பாவு நூலும் ஊடு நூலும் சேர்ந்து துணியாவது போன்ற அமைப்பு அது. வேண்டிய நாளின் பதிப்பைக் கேட்டால், அன்று உயிரோடிருந்த வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுக்கும்.

பத்தாண்டுகள் கழித்து, பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி என்பவர் ஆர்.சி.எஸ். என்னும் மற்றொரு முறையை அமைத்தார். அதிலே ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்துக்கொண்டால், அவர் திருப்பி வைக்கும்வரை அது பிறருக்குப் பூட்டப்பட்டிருப்பது வழக்கம். நூலகத்தில் ஒருவர் எடுத்துச் சென்ற புத்தகத்துக்காக மற்றவர்கள் காத்திருப்பது போலத்தான். இவ்வாறு காத்திருக்க முடியாத நிலை, ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய டிக் குரூனே என்னும் பேராசிரியருக்கு ஏற்பட்டது. அவரும் அவருடைய மாணவர் இருவரும் ஒரே நிரலில் வெவ்வேறு நேரங்களில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அதற்கென அவர் எழுதி 1986இல் பொதுவில் வெளியிட்டதே சி.வி.எஸ். என்னும் முறை. பலர் ஒரே சமயத்தில் ஒரே கோப்பைத் திருத்தலாம். பின்னர் திருத்தங்களை ஒன்றுசேர்த்துக் கொள்ளலாம் என்ற வசதி அதனால் பரவியது.

இம்முறைகளில் ஏட்டுக்கு ஏறும் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கதையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. அன்றைய முறைகளில் ஏடு ஒரு பொதுக் கணினியில் இருந்தது. அதனுள் நுழைய உங்களுக்குக் கணக்கு ஒன்று வேண்டும். அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அந்தக் கணக்கின் பெயரையே ஏடு எழுதிக்கொண்டது. ஆகவே, பெயருக்கு ஒரு வாயிற்காவலன் இருந்தான். தாமாகவே விரும்பிய பெயரை எழுதிக்கொள்வது எளிதன்று.

வாயிற்காவலன் நல்லவனே. ஆனால் அவனால் ஓர் அநீதியும் நேர்ந்தது. உள்ளே நுழையக் கணக்கு இல்லாத வெளியார் ஒருவர், மிகச் சிறந்த திருத்தம் ஒன்றை எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று கொள்வோம். கணக்கு உடையவர் அதைப் பெற்று ஏட்டில் சேர்ப்பார். ஏட்டில் வரிக்கு உரியவராக யார் பெயர் இருக்கும்? சேர்த்தவருடைய பெயரே இருக்கும். உழைத்தவர் பெயர், கூடச் சேர்க்கும் குறிப்பிலே எங்கேனும் ஒரு மூலையில் கிடக்கும். சேர்ப்பவர் மறந்தால் அதுவும் இராது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மனு எழுதிக் கொடுப்பவரையே மனுதாரர் ஆக்கிவிட்ட கதைதான் அது!

இனி, ஏட்டைப் படிக்கும் கட்டளையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஒரு கோப்பைத் திறந்து, வரிதோறும் எழுதியவர் பெயரைப் பக்கத்தில் காட்டுமாறு கேட்கும் கட்டளைக்குச் சி.வி.எஸ். முறையில் 'குறிப்புரை' என்னும் பொருளுள்ள பெயர் இருந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சப்வெர்ஷன் என்னும் முறையில் அதே வேலைக்குப் பல பெயர்கள் உண்டு. 'பிளேம்' என்றால் பழி. 'பிரெய்ஸ்' என்றால் பாராட்டு. இரண்டு சொல்லையும் அக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். கேட்பவரின் மனநிலை வேறாகலாம், ஏடு சொல்வது ஒன்றே என்னும் நயத்தை அதில் காண்கிறேன். எனினும் வழக்கில் நிலைத்தது 'பிளேம்' என்ற சொல்தான். நல்ல வரியைக் கண்டு, இதை எழுதியவர் யார் என்று தேடிச் செல்பவர் சிலரே. பழுதைக் கண்டு தேடுபவர் பலர் அல்லவா?

அந்தக் கட்டளை சொல்லும் விடையும் எப்பொழுதும் நேர்மையானது என்று கொள்வதற்கில்லை. வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரையே அது காட்டுகிறது. ஒருவர் ஒரு பிழையான வரியை எழுதிவிட்டுப் போகிறார். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து, வரிகளின் ஓர இடைவெளியை ஒழுங்குபடுத்துகிறார். சொல் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆயினும் ஏட்டைக் கேட்டால், வரிக்கு உரியவர் அந்த இரண்டாமவரே என்று விடை வரும். அறையைக் கூட்டிச் சுத்தம் செய்தவன் தலையில், குப்பை போட்டவன் பழி விழுவது போன்றது இது. இக்குறையைப் போக்க, வெற்றிட மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று கேட்கும் வழியும், பின்னர் 2019இல், இன்ன திருத்தங்களைக் கணக்கில் கொள்ளாதே என்று பட்டியலிட்டுக் கூறும் வழியும் ஏற்பட்டன. யாருடைய வஞ்சகமும் இன்றியே பழி இடம் மாறக்கூடும் என்பதை நாம் இங்கே நினைவிற் கொள்ளல் நன்று.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக்கு உரியவர் யார் என்னும் வினா, நீதிமன்றம்வரை சென்றது. 2003 மார்ச் மாதத்தில் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தனக்கு உரிமையான யூனிக்ஸ் நிரலின் பகுதிகள் முறையின்றி லினக்ஸில் சேர்க்கப்பட்டன என்பது அதன் வாதம். முதலில் அது கோரிய இழப்பீடு நூறு கோடி டாலர். வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 2021இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் வழக்குத் தொடங்கியபோதே லினக்ஸ் குழுவினர் ஒன்றை உணர்ந்தார்கள். ஒவ்வொரு வரியும் எந்தக் கை வழியாக வந்தது என்பதைச் சொல்ல இயலாவிடில், தம் நேர்மையைத் தாமே நிறுவ இயலாது.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு நிகழ்ச்சி. அப்போது லினக்ஸின் மூல ஏடு பிட்கீப்பர் என்னும் முறையில் இருந்தது. பழைய முறையை விரும்பியவர்களுக்காகச் சி.வி.எஸ். நகல் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. அந்த நகலில் மட்டும் இரண்டு வரிகள் புதிதாக முளைத்திருந்தன. பார்த்தால், பயனர் எண் சுழியமா என்று சோதிப்பது போலத் தோன்றும். அந்நிரல் மொழியில் சோதிப்பதற்கு இரண்டு சமக்குறிகள் இடவேண்டும். அங்கே இருந்தது ஒன்றே. ஒரு சமக்குறி என்றால், 'சுழியமாக ஆக்கு' என்று பொருள். சுழியம் என்ற எண்ணோ கணினியின் தலைவனுக்கு உரியது! அவ்வரிகள் மூலத்தில் புகுந்திருந்தால், வழி தெரிந்த எவனும் கணினியின் தலைவனாகிவிடலாம். மூலத்தோடு நகலை ஒப்புநோக்கியபோது, அத்திருத்தத்துக்குரிய பதிவு மூலத்தில் இல்லை என்பது வெளிப்பட்டது, அது நீக்கப்பட்டது. நம் பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு இடைச்செருகலைக் கண்டறியும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

2004ஆம் ஆண்டில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், உறுதிமொழி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். திருத்தம் அனுப்புபவர், 'இதனை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு' என்று பொருள்படும்படி, கடைசியில் தம் பெயரையும் முகவரியையும் ஒரு வரியாக எழுத வேண்டும். அதைப் பெற்று மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கீழே சேர்க்க வேண்டும். அலுவலகக் கோப்பு மேசைக்கு மேசை நகரும்போது சுருக்கொப்பங்கள் ஏறுவது நமக்குத் தெரிந்ததுதானே.

அடுத்த ஆண்டே பெரிய திருப்பம் ஏற்பட்டது. பிட்கீப்பர் முறையைக் கட்டணமின்றி அளித்து வந்த நிறுவனம் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3ஆம் நாள் சொந்தமாக ஒரு முறையை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாள், அது தன் நிரலையே தன்னுள் பதிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதுவே கிட் என்னும் முறை. சில மாதங்களில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பவர் ஏற்றார். இன்று உலகின் நிரலாளர்களில் மிகப் பெரும்பாலோர் கையாள்வது இம்முறையைத்தான்.

கிட் முறையில் நடுவிடம் என்று கட்டாயமாக ஒன்றில்லை. ஏட்டின் முழு நகலையும் ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே வைத்திருக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்களுக்கு இடமுண்டு. ஒன்று இயற்றியவர் பெயர். மற்றொன்று பதிந்தவர் பெயர். வெளியார் அனுப்பிய திருத்தத்தைச் சேர்ப்பவர், இயற்றியவர் இடத்தில் அனுப்பியவர் பெயரையும், பதிந்தவர் இடத்தில் தம் பெயரையும் எழுதலாம். மனு எழுதிக் கொடுப்பவரும் மனுதாரரும் வெவ்வேறு இடத்தில் அமர்ந்தார்கள். பழைய அநீதி தீர்ந்தது. உழைத்தவர் பெயர் உழைப்போடு ஒட்டிக்கொண்டது.

அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. பிறர் பெயரை நான் எழுத முடிந்தால்தானே அவருக்கு உரியதை அவருக்கே அளிக்க முடியும்? ஆகவே, பெயர் எழுதும் இடத்தைக் கிட் யாருக்கும் திறந்துவிட்டது. தொடங்கும்போது உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். நீங்கள் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். வாயிற்காவலன் இல்லை. கன்பூசியஸ் என்று எழுதினால் கன்பூசியஸே நிரல் எழுதியதாக ஏடு கூறும்.

ஏமாற்றைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று உண்டு. கடைக்கணக்கு எழுதுவோர், ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலைப்பில் கொண்டுவந்து எழுதுவார்கள். முன்பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால், பின்னுள்ள பக்கங்களின் தொகைகள் எல்லாம் பொருந்தாமற் போகும். கிட்டிலும் ஒவ்வொரு பதிவுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நாற்பது எழுத்து முத்திரை எண் ஒன்று உண்டு. முந்திய பதிவின் முத்திரையும் பெயர்களும் நாளும் அக்கணக்கில் சேரும். பழைய பதிவில் ஒரு பெயரை மாற்றினால், அதன் முத்திரை மாறும். அதற்குப் பின்னுள்ள பதிவுகளின் முத்திரைகளும் ஒவ்வொன்றாக மாறும்.

இப்போது வேடிக்கைக் கட்டளைக்கு வருவோம். அமெரிக்க நிரலாளர் ஒருவர் 2016இல் அதனை எழுதி வெளியிட்டார். சில வரிகளே கொண்ட சிறு நிரல் அது. கிட் முறையின் சொந்தக் கட்டளையும் அன்று. ஆனால் கிட்டுக்கு ஒரு குணமுண்டு: தன் பெயரில் தொடங்கும் நிரல் எதுவாயினும், தேடும் இடத்தில் வைத்தால், அதனைத் தன் வீட்டுப் பிள்ளை போல அழைத்துக்கொள்ளும். ஆகவே, இக்கட்டளையும் உள்வீட்டுக் கட்டளை போலவே ஒலிக்கும். அதற்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்: பழியை ஏற்க வேண்டியவர் பெயர் ஒன்று, எந்தப் பதிவு என்பது மற்றொன்று. உடனே அது அப்பதிவுக்குப் பின்னோக்கிச் சென்று, இயற்றியவர், பதிந்தவர் என்னும் இரண்டு இடத்திலும் அப்பெயரை எழுதி, பின்னுள்ள பதிவுகளை மீண்டும் அடுக்கிவிடும். அதன் பிறகு 'பிளேம்' கட்டளையைக் கேட்டால், ஒன்றுமறியாத அந்த மனிதரையே சுட்டிக்காட்டும். வகுப்பறையில் நீண்ட முப்பது விரல்களுக்கும் கருவியொன்று கிடைத்துவிட்டது எனலாம்!

எழுதியவர் அதை விளையாட்டாகவே எழுதினார். படித்தவர்களும் விளையாட்டாகவே ஏற்றார்கள். அது புதிதாக ஒரு திறமையைக் கொண்டுவரவில்லை என்பதையும் நாம் அறியவேண்டும். பெயரை மாற்றும் வழிகள் முன்பே கிட்டில் இருந்தன. அது அவற்றை ஒரே கட்டளையில் கோத்தது, அவ்வளவே. மேலும், பழைய பதிவை மாற்றினால் முத்திரைகள் மாறும் என்று முன்னரே கூறினேன். பிறர் கையில் பழைய நகல் இருந்தால், ஒப்பிட்ட மாத்திரத்தில் குட்டு வெளிப்படும். ஆதலால், ஏற்கெனவே பலர் கைக்குச் சென்றுவிட்ட ஏட்டில் இவ்வேடிக்கை செல்லாது.

ஆனால் தொடக்கத்திலேயே பொய்ப்பெயர் இட்டுப் பதிந்தால்? அப்போது மாறுவதற்கு முத்திரை ஏது? பொய்யும் சேர்ந்தே முத்திரையிடப்படும். சங்கிலி காப்பது, எழுதியது பின்னர் மாறவில்லை என்பதை மட்டுமே. எழுதியபோது அது உண்மையா என்று அது கேட்பதில்லை. பேரேட்டின் கூட்டல் சரியாக இருக்கலாம். கூட்டிய தொகையே கற்பனையாகவும் இருக்கலாம் அல்லவா? வேடிக்கைக் கட்டளை மக்களுக்குச் சுட்டிக்காட்டிய உண்மை இதுதான். ஏட்டிலுள்ள பெயர் ஒரு கூற்று. கூற்றுக்குச் சாட்சி வேறு வேண்டும்.

இது வெறும் தர்க்கம் அன்று என்பதை 2021 மார்ச் 28ஆம் நாள் காட்டியது. உலகத்து வலைத்தளங்களில் பெரும்பகுதி பி.எச்.பி. என்னும் நிரல் மொழியில் இயங்குகிறது. அம்மொழியின் மூல ஏட்டில் அன்று இரண்டு பதிவுகள் நுழைந்தன. ஒன்று, அம்மொழியைப் படைத்த ராஸ்மஸ் லெர்டார்ப் பெயரில் இருந்தது. மற்றொன்று, அதன் முதன்மை நிரலாளருள் ஒருவரான நிகிதா பாப்போவ் பெயரில் இருந்தது. 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததோ, குறிப்பிட்ட ஒரு சொல்லுடன் வருபவன் வலைத்தளத்தின்மீது தான் நினைத்த கட்டளையை நிறைவேற்றிக்கொள்ள உதவும் கள்ளவாயில்! இருவருக்கும் அதில் எவ்விதத் தொடர்பும் இல்லை. பதிவுகளைப் பின்னர்ப் படித்துப் பார்க்கும் வழக்கத்தினால் சில மணி நேரத்தில் அது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. பயனர் கைக்கு வெளியீடாகச் செல்லவில்லை. மூல ஏடு இருந்த சேவையகமே கைவசமாகிவிட்டதோ என்று முதலில் ஐயுற்றார்கள். பயனர்களின் கடவுச்சொற்கள் இருந்த தரவுத்தளம் கசிந்திருக்கக்கூடும் என்று பின்னர் ஏப்ரலில் தெரிவித்தார்கள். மூல ஏடும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கள்ளன் ஏன் படைத்தவர் பெயரையே தேர்ந்தெடுத்தான்? மதிப்புள்ள பெயரைக் கண்டால் நாம் சோதிக்காமல் விடுவோம் என்று எண்ணினான் போலும். வேடிக்கைக் கட்டளை பிறர் பெயரில் பழியைப் போட்டது. இவன் பிறர் பெயரிலிருந்து நம்பிக்கையைத் திருட முயன்றான். இரண்டுக்கும் வாசல் ஒன்றே. அன்று காத்தது பெயரின் பெருமையன்று. எவர் பெயரில் வந்தாலும் வரியைப் படித்துப் பார்ப்போம் என்ற ஒழுக்கம்.

சாட்சிக்கென ஒரு வழியும் இருக்கிறது. அதனை மின்னொப்பம் என்று கூறலாம். ஒருவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். மறைவுச் சாவியால் அவர் தம் பதிவுக்கு ஒப்பமிடுவார். பொதுச் சாவியைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். மறைவுச் சாவி இல்லாதவன் அவ்வொப்பத்தை உண்டாக்க இயலாது. கிட் முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வாறு ஒப்பமிடும் வசதி 2012இல் வந்தது. பல நிரல் ஏடுகளைத் தன்னிடம் வைத்திருக்கும் கிட்ஹப் என்னும் நிறுவனம், சரிபார்க்கப்பட்ட ஒப்பத்துக்கு அருகில் அடையாளம் இடும் வழக்கத்தை, வேடிக்கைக் கட்டளை வந்த அதே 2016ஆம் ஆண்டில் தொடங்கியது.

ஒப்பம் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? முழுவதும் தீரவில்லை என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. தரவுகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இசட். என்னும் நிரற்கருவி, எண்ணற்ற கணினிகளில் பயன்படுவது. ஜியா டான் என்ற பெயருடைய ஒருவர் 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, பராமரிப்பில் பங்கும் பெற்றார். பின்னர் அப்பெயரில் வெளிவந்த இரண்டு வெளியீடுகளில் கள்ளவாயில் ஒன்று மறைக்கப்பட்டிருந்தது. தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி மிகுதியாவதைக் கவனித்த ஆந்திரேஸ் பிராயண்ட் என்னும் நிரலாளர், காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். இங்கே பெயர் மாற்றி எழுதப்படவில்லை. மூன்று ஆண்டுகளும் ஒரே பெயர்தான். அப்பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்பதே மறைந்திருந்தது. ஒப்பம், 'இது அதே சாவியால் இடப்பட்டது' என்று கூறும். அச்சாவியை வைத்திருப்பவர் நல்லவரா என்று அது கூறாது.

இவற்றையெல்லாம் கேட்டபின், கிட் முறை பெயர் எழுதும் இடத்தைத் திறந்து வைத்தது தவறு என்று சிலர் முடிவு செய்யக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. அந்த வாசல் திறந்திருப்பதனால்தான், எங்கோ ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு இரண்டு வரி திருத்தி அனுப்பிய பெயர் தெரியாத மாணவனின் பெயர், இன்று உலகறிந்த நிரலில் அவனுடைய வரிக்கு நேரே நிற்கிறது. பொய்யனைத் தடுப்பதற்காக அவ்வாசலை அடைத்தால், உழைத்தவன் வெளியே நிற்பான். வாசல் திறந்திருக்கட்டும், உள்ளே வருவதைப் பலர் பார்க்கட்டும். பலர் கையில் நகல், பலர் கண்ணில் சோதனை, அவற்றோடு ஒப்பம் என்று சாட்சிகள் பெருகினால், தனிப்பெயரின்மேல் விழும் சுமை குறையும்.

பள்ளியிலே நான் கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது. தவறு செய்தவனைத் தண்டிப்பதற்கென்றே பதிவேடு வைக்கும் இடத்தில், பிள்ளைகள் பதிவேட்டை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். நிகழ்ந்ததை அறிந்து சீர்செய்வதற்கென வைக்கும் இடத்தில், அதே பிள்ளைகள் தாமே முன்வந்து உண்மையை உரைக்கிறார்கள். ஏடு ஒன்றே, ஆள்பவரின் நோக்கம் வேறு. பழியை வேறொருவர்மேல் போடும் கட்டளை அத்தனை பேரைச் சிரிக்க வைத்ததற்குக் காரணம், பழியைக் கண்டு அஞ்சும் இடங்கள் உலகில் மிகுந்திருப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சமில்லாத இடத்தில் அந்த வேடிக்கைக்கு வேலையில்லை.

ஆகவே, நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது இது. பழுதான வரிக்கு நேரே ஒரு பெயரைக் கண்டால், அதனைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். விசாரணையின் முதல் அடியாகக் கொள்ளுங்கள். அப்பெயர் வரியை எழுதியவருடையதாக இருக்கலாம்; ஓரத்தைச் சீர்செய்தவருடையதாக இருக்கலாம்; விளையாட்டாகவோ வஞ்சகமாகவோ யாரோ இட்டதாகவும் இருக்கலாம். அவரிடமே சென்று, "இவ்வரியின் காரணம் யாது?" என்று மரியாதையுடன் கேளுங்கள். எழுதியவராக இருந்தால் அவர் விளக்குவார். இல்லையெனில், பழியிலிருந்து ஒரு நல்ல மனிதரை விடுவித்த புண்ணியம் உங்களைச் சேரும்.